புதன்கிழமை ஆதரவு, சனிக்கிழமை வாக்கு: கிளைபர்ன் பைடனுக்குச் செய்தது என்ன?

2020 பிப்ரவரி 26, புதன்கிழமை. தென் கரோலினா மாநிலத்தின் நார்த் சார்ல்ஸ்டன் நகரில், ட்ரைடன்ட் தொழில்நுட்பக் கல்லூரியில், அந்த மாநிலத்தின் மூத்த ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜிம் கிளைபர்ன், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட ஜோ பைடனுக்குத் தன் ஆதரவை அறிவித்தார். "எனக்கு ஜோவைத் தெரியும். நமக்கு ஜோவைத் தெரியும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஜோவுக்கு நம்மைத் தெரியும்" என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். மூன்று நாள் கழித்து சனிக்கிழமை வாக்குப்பதிவு. பைடன் 48.6 சதவீதம் பெற்றார், மாநிலத்தின் 46 கவுன்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) அவர் பக்கம். அடுத்த மூன்று நாளில் போட்டியின் முகமே மாறிவிட்டது.

ஒரு தலைவர் கைகாட்டினார், மக்கள் வாக்களித்தார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் அதிகம். அப்படிச் சொன்னால் இதே போன்ற எத்தனையோ ஆதரவுகள் ஏன் புஸ்வாணமாகப் போயின என்பதற்குப் பதில் கிடைக்காது. ஆதரவு என்பது வாக்குகளை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றும் வேலை இல்லை. ஏற்கெனவே ஒருவர் மேல் சாய்வு இருந்தும் "இவர் ஜெயிப்பாரா" என்ற சந்தேகத்தில் நிற்கும் வாக்காளருக்கு அது முடிவெடுக்கும் துணிவைத் தருகிறது. அந்தத் துணிவு பலிக்க வேண்டுமானால் சொல்பவர், சொல்லும் நாள், சொன்ன பிறகு நடப்பவை என்ற மூன்றும் ஒத்துவர வேண்டும். தென் கரோலினாவில் மூன்றும் ஒத்துவந்தன.

முதலில் களத்தைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே வாக்காளர்கள் வாக்குச்சாவடிக்குப் போய்த் தீர்மானிக்கிறார்கள். அதுதான் பிரைமரி. ஜனாதிபதி வேட்பாளருக்கு இது மாநிலம் மாநிலமாக, வெவ்வேறு தேதிகளில் நடக்கும். ஒவ்வொரு மாநிலத்திலும் வேட்பாளர்கள் டெலிகேட்களை, அதாவது கட்சி மாநாட்டில் தங்களுக்கு வாக்களிக்கும் பிரதிநிதிகளை, சேர்ப்பார்கள். 2020-இல் ஜனநாயகக் கட்சியில் வாக்கு மூலம் தேர்வாகும் டெலிகேட்கள் மொத்தம் 3,979. முதல் சுற்றிலேயே வெல்ல 1,991 தேவை. கட்சிப் பெருந்தலைகளான "சூப்பர் டெலிகேட்கள்" போட்டியுள்ள முதல் சுற்றில் வாக்களிக்கக் கூடாது என்று 2018-இல் விதியை மாற்றிவிட்டார்கள். இதற்கு ஒரு முக்கியமான விளைவு உண்டு. முன்பு ஒரு மூத்த தலைவர் ஆதரவு சொன்னால் மாநாட்டில் அவருடைய சொந்த வாக்கும் கணக்கில் சேரும். 2020-இல் அவருடைய சொல்லுக்கு மதிப்பு வாக்காளர்கள் வழியாக மட்டுமே.

அந்த ஆண்டு வரிசையில் முதல் இடம் அயோவா, பிப்ரவரி 3. அங்கே பைடன் நான்காவது. பிப்ரவரி 11-இல் நியூ ஹாம்ப்ஷயர்; 8.4 சதவீதத்துடன் ஐந்தாவது, ஒரு டெலிகேட்கூட இல்லை. முடிவு முழுதாக வருவதற்கு முன்பே பைடன் விமானம் ஏறித் தென் கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவுக்கு வந்துவிட்டார். பிப்ரவரி 22-இல் நெவாடா. அங்கே இடதுசாரிச் சாய்வுள்ள செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் பெரிய வித்தியாசத்தில் வென்றார், பைடன் இரண்டாவது. முன்னாள் துணை ஜனாதிபதி ஒருவர் மூன்று மாநிலம் கடந்தும் ஓர் இடத்தில்கூட முதலில் வரவில்லை. பணமும் வறண்டுகொண்டிருந்தது.

தென் கரோலினா வேறு மாதிரியான மாநிலம். அங்கே வாக்காளர் பட்டியலில் கட்சிப் பதிவே கிடையாது, யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம். குடியரசுக் கட்சி அந்த ஆண்டு அங்கே ஜனாதிபதி பிரைமரியை நடத்தவே இல்லை. வாக்களித்தவர்களில் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 56 சதவீதம், கறுப்பின மக்கள். அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் பேசாத ஒரு பெரிய பகுதி இங்கேதான் முதன்முறையாகப் பேசப்போகிறது. பைடனுக்கு அவர்களிடம் நீண்ட நாள் நல்ல பெயர். ஒபாமாவுடன் எட்டு ஆண்டு இருந்தவர். ஆனால் தோற்றுக்கொண்டே வருபவருக்கு வாக்கைப் போட்டு வீணாக்குவதா என்ற தயக்கம் பரவத் தொடங்கியிருந்தது. பிப்ரவரி 24-இல் வெளியான என்பிசி–மாரிஸ்ட் கருத்துக்கணிப்பில் பைடன் 27, சாண்டர்ஸ் 23, டாம் ஸ்டெயர் 15. ஸ்டெயர் கோடீஸ்வரர், இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் விளம்பரத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் கொட்டியிருந்தார். அந்தப் பணம் பைடனின் ஆதரவுத் தளத்தைத்தான் அரித்துக்கொண்டிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். ஆதரவு வருவதற்கு முன்பே பைடன் முதலிடத்தில்தான் இருந்தார். தோற்கவிருந்தவரைக் கிளைபர்ன் ஜெயிக்க வைத்தார் என்பது சரியான கணக்கு இல்லை. குறுகிய வெற்றியாக முடிந்திருக்கக்கூடியது 29 சதவீதப் புள்ளி வித்தியாசமானது. அந்த அளவுதான் விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சொன்னவர் யார் என்பதைப் பார்ப்போம். கிளைபர்ன் 1940-இல் சம்ட்டர் நகரில் பிறந்தவர், மாநிலத்தின் 6-ஆவது தொகுதியிலிருந்து 1993 முதல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். 2020-இல் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் கொறடா. ஆனால் வாஷிங்டன் பதவியை விட அவருடைய செல்வாக்கு உள்ளூர் வேர்களில் இருந்தது. அவர் நடத்தும் மீன் வறுவல் விருந்து அந்த மாநில அரசியலில் ஒரு திருவிழா. 2019 ஜூனில் கொலம்பியாவில் நடந்த விருந்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஜனாதிபதி வேட்பாளர்கள் வந்து நின்றார்கள். இன்னொன்று, அவர் எல்லாப் போட்டியிலும் மூக்கை நுழைப்பவர் இல்லை. 2008-இல் ஒபாமாவும் ஹிலாரியும் தென் கரோலினாவில் மோதியபோது நடுநிலையில் நின்றார். 2016-இல் ஹிலாரிக்கு ஆதரவு சொன்னார்; ஹிலாரி அங்கே 73 சதவீதம் பெற்றார். எப்போதாவது பேசுபவரின் சொல்லுக்குத்தான் எடை. மாதத்துக்குப் பத்து பேரை ஆதரிப்பவரின் பெயர் துண்டறிக்கையில் வெறும் அலங்காரம்.

2019 செப்டம்பரில் அவருடைய மனைவி எமிலி இறந்துபோனார். பைடன்தான் வெல்லக்கூடியவர் என்று எமிலி நம்பியதைக் கிளைபர்ன் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். ஆதரவு அறிவிப்புக்கு முன் ஒரு தேவாலயத்தில் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தபோது, ஒரு மூதாட்டி அவரைப் பக்கத்தில் அழைத்து, யாருக்கு வாக்களிக்கப் போகிறீர்கள் என்று காதோடு கேட்டாராம். பதில் சொன்னதும், ஊருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்றாராம். இந்தச் சம்பவத்தைக் கிளைபர்னே பலமுறை சொல்லியிருக்கிறார். உருக்கத்துக்காக இதை இங்கே எடுக்கவில்லை. நிபுணர்கள் எத்தனை கட்டுரை எழுதினாலும் புரியாத ஒன்று இதில் இருக்கிறது: வாக்காளர்கள் அவருடைய முடிவுக்காகக் காத்திருந்தார்கள். ஆதரவுக்குக் கேள்வி முன்பே இருந்தது, அவர் பதில் தந்தார். கேள்வியே இல்லாத இடத்தில் பதில் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆதரவு சும்மா வராது. இங்கேயும் பேச்சு நடந்தது, ஆனால் பதவி பேரமாக இல்லை. உச்ச நீதிமன்றத்துக்குக் கறுப்பினப் பெண் ஒருவரை நியமிப்பேன் என்று பைடன் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது கிளைபர்னின் வற்புறுத்தல். பிப்ரவரி 25, செவ்வாய் இரவு, சார்ல்ஸ்டனில் நடந்த விவாத மேடையில் பைடன் அந்த வாக்குறுதியைச் சொன்னார். மறுநாள் ஆதரவு. (2022-இல் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் நியமிக்கப்பட்டு, ஏப்ரல் 7 அன்று செனட்டில் 53–47 என்று தேறினார்.) வாக்குறுதி முதலில், ஆதரவு பிறகு என்ற இந்த வரிசை முக்கியம். வாக்குறுதி இல்லாமல் ஆதரவு வந்திருந்தால் அது இரண்டு பழைய நண்பர்களின் கைகுலுக்கல் என்றே தோன்றியிருக்கும். வாக்குறுதி வந்துவிட்டதால், அறிவிப்பைக் கேட்டவருக்குத் தனக்கு இதில் என்ன இருக்கிறது என்ற பதிலும் கையில் இருந்தது. பேச்சைச் சுருக்குங்கள், தேவாலயப் போதகர்போல மூன்று விஷயத்தோடு நிறுத்துங்கள் என்றும் கிளைபர்ன் பைடனுக்கு அறிவுரை சொன்னதாகப் பிற்பாடு பேட்டிகளில் கூறினார். ஆதரவாளர் வேட்பாளரைத் திருத்தவும் செய்கிறார் என்பது பலர் கவனிக்காத பகுதி. வெற்றி இரவிலேயே, பிரச்சார அமைப்பைச் சீர்செய்ய வேண்டும் என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னவரும் அவர்தான்.

இனி நாள் கணக்கு. ஏன் புதன்கிழமை? ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தால் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் தோல்விகள் அந்தச் செய்தியை மூழ்கடித்திருக்கும். "கிளைபர்ன் ஆதரித்தும் பைடன் சரிகிறார்" என்று தலைப்பு வந்திருக்கும். விவாதத்துக்கு முன் சொல்லியிருந்தால், விவாதச் செய்தி வந்து ஆதரவுச் செய்தியை அமுக்கியிருக்கும். வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால், மாநிலத்தின் கிராமப்புறக் கவுன்டிகளில் பலருக்கு அது போய்ச் சேர்வதற்குள் வாக்குச்சாவடி திறந்திருக்கும். விவாதம் முடிந்த மறுநாள் என்றால் புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் உள்ளூர் செய்திகளை ஒரே விஷயம் ஆள முடியும். எதிராளிகளுக்குப் பதிலடி விளம்பரம் தயாரித்து, நேரம் வாங்கி, ஒளிபரப்ப அந்த அவகாசம் போதாது.

இந்தக் கணக்கு தென் கரோலினாவில் பலித்ததற்கு இன்னொரு காரணம், அப்போது அங்கே முன்கூட்டியே வாக்களிப்பது குறைவு. உரிய காரணம் காட்டினால்தான் முன்வாக்கு. பெரும்பான்மையோர் வாக்குப்பதிவு நாளில்தான் வந்தார்கள். இதே புதன்கிழமை உத்தியைக் கலிபோர்னியாவில் செய்திருந்தால் பாதி வீணாகியிருக்கும். அங்கே தேர்தலுக்கு 29 நாள் முன்பே அஞ்சல் வாக்குச்சீட்டுகள் வீடு தேடிப் போகத் தொடங்கிவிடும். ஆக, ஆதரவின் தேதியைக் குறிக்கும்போது தேர்தல் நாளை விட முன்வாக்கு தொடங்கும் நாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் "கடைசி நேர அதிரடி" என்று காத்திருந்து கோட்டைவிட்ட பிரச்சாரங்கள் உண்டு.

மூன்று நாளில் என்ன செய்ய முடியும், என்ன முடியாது? அச்சிட்டு அஞ்சலில் அனுப்பும் துண்டறிக்கைக்கு நேரமில்லை. வானொலி முடியும், காலையில் ஒலிப்பதிவு, மாலையில் ஒலிபரப்பு. கூட்டாட்சித் தேர்தல் விளம்பரத்தில் ஆதரவாளர் குரல் மட்டும் போதாது, "இந்த விளம்பரத்தை நான் அங்கீகரிக்கிறேன்" என்று வேட்பாளரின் சொந்தக் குரலும் இருக்க வேண்டும். பிரச்சாரப் பயணத்தில் இருக்கும் வேட்பாளரிடம் அந்த ஒரு வரியை முன்பே பதிவுசெய்து வைக்காதவர்கள் கடைசி நேரத்தில் தவிப்பார்கள். பிரைமரிக்கு முந்தைய 45 நாட்களில் வேட்பாளரின் சொந்தக் குழு வாங்கும் விளம்பர நேரத்துக்கு வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் தங்கள் மிகக் குறைந்த கட்டணத்தைத்தான் வாங்கலாம். "சூப்பர் பேக்" எனப்படும், வேட்பாளரைச் சாராமல் தனியாகச் செலவிடும் வெளிக் குழுக்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அதனால் ஆதரவு விளம்பரத்தைச் சூப்பர் பேக்கிடம் விடாமல் வேட்பாளரின் குழுவே போடுவது மலிவு. பதிவுசெய்த குரலைத் தொலைபேசியில் அனுப்பும் அழைப்புகளில் ஒரு சட்டச் சிக்கல்: முன் அனுமதியில்லாமல் கைபேசிக்கு அனுப்பக் கூடாது, வீட்டுத் தொலைபேசிக்கு அனுப்பலாம். வீட்டுத் தொலைபேசி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். கிளைபர்னின் குரல் எடுபடுவதும் அவர்களிடம்தான் என்பதால் இங்கே அது பொருந்தி வரும் வழி. இளைஞர்களிடம் எடுபடும் ஓர் ஆதரவாளருக்கு அதே வழி உதவாது.

தேவாலயங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தென் கரோலினாவின் கறுப்பினத் தேவாலயங்கள் அரசியலின் நாடி. ஆனால் 1954 முதல் உள்ள சட்டத்தின்படி, வரிவிலக்கு பெற்ற நிறுவனம் என்ற முறையில் தேவாலயம் வேட்பாளரை ஆதரிக்க முடியாது என்பதே 2020-இல் நிலை. போதகர் தனிமனிதராகச் சொல்லலாம். தேவாலயத்தின் கடிதத்தாளில், தேவாலயப் பணத்தில் சொல்லக் கூடாது. பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு: அரசு அலுவலகம், அரசுச் சம்பளத்தில் இருக்கும் ஊழியரின் வேலை நேரம், அலுவல் மின்னஞ்சல் எதையும் ஆதரவு அறிவிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. அறிவிப்புக் கூட்டத்துக்குக் கல்லூரியோ மண்டபமோ பிடிப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு வேட்பாளரின் தேர்தல் குழு இன்னொரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 2,000 டாலர்தான் தரலாம். தலைவர்கள் நடத்தும் "பேக்" என்ற அரசியல் நிதிக் குழு வழியாக 5,000. தென் கரோலினாவில் ஸ்டெயர் கொட்டிய தொகைக்கு முன்னால் இது தூசு. ஆதரவாளர் தருவது பணமல்ல. அவர் பெயரைப் பார்த்து மற்றவர்கள் அனுப்பும் பணம்தான் பிரச்சாரத்தை ஓட்டும்.

இப்போது வெற்றியின் அளவு ஏன் முக்கியம் என்ற கேள்வி. ஜனநாயகக் கட்சியின் விதிப்படி ஒரு வேட்பாளர் டெலிகேட் பெறக் குறைந்தது 15 சதவீத வாக்கு வேண்டும், மாநில அளவிலும் தொகுதி அளவிலும் தனித்தனியாக. தென் கரோலினாவுக்கு 54 டெலிகேட். தொகுதிகள் வழியாக 35, மாநில அளவில் 12, கட்சிப் பொறுப்பாளர் இடங்கள் 7. பைடன் 48.6, சாண்டர்ஸ் 19.8, ஸ்டெயர் 11.3, பீட் பூட்டஜெஜ் 8.2, எலிசபெத் வாரன் 7.1. அந்த 15 சதவீதக் கோட்டைத் தாண்டியவர்கள் இருவரே. மற்றவர்களுக்கு விழுந்த ஏறத்தாழ 1,70,000 வாக்குகளுக்கு ஒரு டெலிகேட்கூட இல்லை. அந்த இருவருக்குள் மட்டும் பங்கிடும்போது பைடனின் பங்கு 71 சதவீதம் ஆகிறது. 12-இல் 9, 7-இல் 5, தொகுதிகளில் 25, மொத்தம் 39. சாண்டர்ஸுக்கு 15.

ஸ்டெயர் பக்கம் பாருங்கள். மாரிஸ்ட் கணிப்பில் அவர் 15-இல் இருந்தார், வாக்குப்பதிவில் 11.3. பைடனிடமிருந்து வெறும் 4 சதவீதம் அவருக்குப் போய், அது தொகுதிகளிலும் சீராகப் பரவியிருந்தால் அவரும் கோட்டைத் தாண்டியிருப்பார். அப்போது பைடனின் பங்கு 56 சதவீதமாகி, டெலிகேட் சுமார் 30-ஆகக் குறைந்திருக்கும். நான்கு சதவீத வாக்குக்கு ஒன்பது டெலிகேட். பல பேர் போட்டியிடும் பிரைமரியில் ஓர் ஆதரவு, மூன்றாவது ஆளைக் கோட்டுக்குக் கீழே தள்ளினால் அதன் விலை இப்படிப் பெருகும்.

ஆனால் டெலிகேட்டை விடப் பெரிய பலன் சனிக்கிழமை இரவு தொடங்கியது. ஸ்டெயர் அன்றே விலகினார். மார்ச் 1 ஞாயிறு, பூட்டஜெஜ் விலகினார். மார்ச் 2 திங்கள், ஏமி க்ளோபுச்சர் விலகினார். அன்றிரவே டாலஸில் க்ளோபுச்சர், பூட்டஜெஜ், டெக்சாஸின் பீட்டோ ஓரூர்க் மூவரும் பைடனை ஆதரித்தார்கள். மார்ச் 3, "சூப்பர் செவ்வாய்", ஒரே நாளில் 14 மாநிலங்களில் பிரைமரி. பத்து பைடனுக்கு. க்ளோபுச்சரின் மினசோட்டா, வாரனின் மாசசூசெட்ஸ் இரண்டும் அதில் அடக்கம். மாசசூசெட்ஸில் பைடன் பிரச்சாரத்துக்கே போகவில்லை. சாண்டர்ஸுக்கு நான்கு, ஆனால் அதில் பெரிய கலிபோர்னியா உண்டு, முன்வாக்கு ஆண்ட மாநிலம் அது. டெக்சாஸில் எண்ணிக்கை தொடங்கியதும் முன்வாக்குகளில் சாண்டர்ஸ் முன்னிலை, அன்றைய தின வாக்குகள் வரவரப் பைடன் தாண்டினார். சனிக்கிழமைக்கு முன் போட்ட வாக்கும் பின் போட்ட வாக்கும் இரண்டு வேறு தேர்தலைப் போல இருந்தன. ஏற்கெனவே பூட்டஜெஜுக்கும் க்ளோபுச்சருக்கும் அஞ்சலில் வாக்களித்துவிட்டவர்களின் வாக்குகள் களத்தில் இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அதைத் திரும்பப் பெற வழியில்லை.

பைடன் ஏழு, எட்டுப் புள்ளியில் வென்றிருந்தால் பூட்டஜெஜ் ஞாயிற்றுக்கிழமை விலகியிருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 29 புள்ளி என்பது மற்ற மிதவாதிகளிடம் இனி இடமில்லை என்று சொன்னது. கிளைபர்னின் ஆதரவு தென் கரோலினா வாக்காளர்களிடம் ஒருமுறை வேலை செய்தது, சக வேட்பாளர்களிடம் இரண்டாவது முறை வேலை செய்தது. இரண்டாவதுதான் ஜனாதிபதி வேட்பாளரைத் தீர்மானித்தது.

இதற்கு நேர்மாறான கதை அல் கோர்–ஹவார்ட் டீன். 2003 டிசம்பர் 9-இல், ஜனநாயகக் கட்சியின் 2004 ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட டீனை முன்னாள் துணை ஜனாதிபதி கோர் ஆதரித்தார். கோர் 2000 ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் அதிக வாக்கு வாங்கிய மனிதர். அதை விடப் பெரிய ஆதரவு அந்தக் கட்சியில் இருந்திருக்க முடியாது. 2004 ஜனவரி 19-இல் அயோவாவில் டீன் 18 சதவீதத்துடன் மூன்றாவது. எங்கே பிசகியது? அயோவாவில் கோருக்கென்று காத்திருந்த கூட்டம் இல்லை. ஆறு வாரம் முன்பே வந்ததால் செய்தி ஆறிப்போனது, அதோடு டீனை முன்னணியில் நிறுத்தி எல்லோருடைய அம்புக்கும் இலக்காக்கியது. டீனின் ஆதரவாளர்களோ கட்சிப் பெருந்தலைகள் மேல் கோபம் கொண்டு வந்தவர்கள். அவர்களுக்குப் பெருந்தலையின் ஆசி தேவைப்படவில்லை. 2000-இல் கோரின் துணை ஜனாதிபதி வேட்பாளராக இருந்த ஜோ லீபர்மனும் களத்தில் இருந்தார். அவருக்குக்கூட முன்னதாகச் சொல்லாமல் கோர் அறிவித்தார். ஊடகம் வழியாகத் தெரிந்துகொண்டார் லீபர்மன். இரண்டு நாளுக்குச் செய்தி டீனை விட்டு, அந்த மனக்கசப்பைப் பற்றியதாகப் போனது. ஆதரவு அறிவிப்புக்கு முந்தின இரவு மற்ற வேட்பாளர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வது மரியாதைக்கு மட்டுமான சடங்கு இல்லை.

2008 ஜனவரி 28-இல் எட்வர்ட் கென்னடி ஒபாமாவை ஆதரித்தார். நாடு முழுக்க அது ஒபாமாவுக்கு எடை சேர்த்தது உண்மை. ஆனால் எட்டு நாள் கழித்து கென்னடியின் சொந்த மாநிலம் மாசசூசெட்ஸில் ஹிலாரி 56–41 என்று வென்றார். அங்கே கென்னடி மட்டுமல்ல, இன்னொரு செனட்டர் ஜான் கெரியும் ஆளுநர் டெவல் பேட்ரிக்கும் ஒபாமா பக்கம்தான். இரண்டு வேட்பாளர்களையும் வாக்காளர்கள் நன்றாக அறிந்து, மனம் இறுகிவிட்ட இடத்தில் யார் சொன்னாலும் அசையாது.

குடியரசுக் கட்சியில் டிரம்பின் 2022 ஆதரவுகள் இதே பாடத்தை வேறு கோணத்தில் காட்டுகின்றன. ஒஹாயோ செனட் பிரைமரியில் ஜே. டி. வான்ஸை ஏப்ரல் 15-இல் ஆதரித்தார், மே 3-இல் வான்ஸ் 32 சதவீதத்துடன் வென்றார். கவனியுங்கள், 32 தான். ஐந்தாறு பேர் போட்டியிட, பலரும் டிரம்பின் வாரிசு என்று தங்களைச் சொல்லிக்கொண்ட களத்தில், யாரை என்ற குழப்பத்துக்கு ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. ஜார்ஜியாவில் பதவியில் இருந்த ஆளுநர் பிரையன் கெம்ப்புக்கு எதிராக டேவிட் பெர்டியூவை ஆதரித்தார். பெர்டியூ 22 சதவீதத்தைத் தாண்டவில்லை, கெம்ப் 73-க்கு மேல். பதவியில் இருப்பவர், இருமுனைப் போட்டி, வாக்காளருக்குத் தெரிந்த சாதனைகள். ஆதரவு நுழைய இடுக்கே இல்லை. பென்சில்வேனியா செனட் பிரைமரியில் டிரம்ப் ஆதரித்த மெஹ்மெட் ஆஸ் மறு எண்ணிக்கைக்குப் பிறகு 951 வாக்கில் தப்பினார். அங்கே ஆதரவு இல்லையென்றால் தோல்விதான் என்று துணிந்து சொல்லலாம். மிசௌரியில் தேர்தலுக்கு முந்தின நாள் "எரிக்" என்று மட்டும் சொல்லி ஆதரித்தார், களத்தில் முன்னணியில் எரிக் ஷ்மிட், எரிக் கிரைட்டன்ஸ் என்று இரண்டு எரிக்குகள்! இருவரும் உரிமை கொண்டாடினார்கள். முன்பே முந்தியிருந்த ஷ்மிட் வென்றார், கிரைட்டன்ஸ் மூன்றாவது.

அலபாமா செனட் பிரைமரி இன்னொரு பாடம். மோ புரூக்ஸை ஓராண்டு முன்பே ஆதரித்த டிரம்ப், அவர் சரிவதைக் கண்டு 2022 மார்ச்சில் ஆதரவைத் திரும்பப் பெற்றார். முதல் சுற்றில் கேட்டி பிரிட் பெரும் முன்னிலை பெற்ற பிறகு, ஜூன் 10-இல் பிரிட்டை ஆதரித்தார். ஜூன் 21 மறுசுற்றில் பிரிட் வென்றார். வெற்றிக் கணக்கில் அது சேரும், ஆனால் அங்கே ஆதரவு எதையும் மாற்றவில்லை. ஒரு தலைவர் ஆதரித்தவர்களில் இத்தனை சதவீதம் வென்றார்கள் என்ற புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது, போட்டியே இல்லாதவர்களையும் ஏற்கெனவே முந்தியிருந்தவர்களையும் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். மிஞ்சுவது மிகச் சிறிய எண்ணிக்கையாக இருக்கும்.

தமிழ் வாசகர்கள் கேட்கக்கூடிய ஒன்று: சென்னையிலிருந்து போன ஷியாமளாவின் மகள் கமலா ஹாரிஸ் என்ன செய்தார்? 2019 டிசம்பர் 3-இல் போட்டியிலிருந்து விலகியவர், பைடனை ஆதரித்தது 2020 மார்ச் 8-இல், மிச்சிகன் பிரைமரிக்கு இரண்டு நாள் முன். சூப்பர் செவ்வாய் முடிந்து திசை தெரிந்துவிட்ட நேரம். வாக்கு என்ற கணக்கில் அதற்குப் பெரிய விளைவு சொல்ல முடியாது. கட்சி ஒன்றுசேர்கிறது என்ற செய்தியைச் சொல்ல அது உதவியது. ஆகஸ்டில் அவர் துணை ஜனாதிபதி வேட்பாளரானார். முந்திச் சொல்பவருக்கே பரிசு என்ற பொது நம்பிக்கைக்கு இது பொருந்தாத உதாரணம்.

கடைசியாக, அளவீடு பற்றி. தென் கரோலினாவில் வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், ஏறத்தாழ பாதிப் பேர் கிளைபர்னின் ஆதரவு தங்கள் முடிவில் முக்கியமாக இருந்தது என்றார்கள். கறுப்பின வாக்காளர்களில் 61 சதவீதம் பைடனுக்கு. இந்த "பாதிப் பேர்" எண்ணைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் முக்கியம் என்று சொன்னவர்களில் பலர் எப்படியும் பைடனுக்கே வாக்களித்திருப்பார்கள்; தங்கள் முடிவுக்கு மதிப்புள்ள ஒருவரின் பெயரைக் காரணமாகச் சொல்வது இயல்பு. அதை விட நம்பகமான தடயம், கடைசி சில நாட்களில் முடிவெடுத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பது. வாக்காளர்களில் மூன்றில் ஒருவர் போல அந்தக் கடைசி நாட்களில்தான் முடிவு செய்தார்கள். மாரிஸ்ட் கணிப்பில் சாண்டர்ஸை விட 4 புள்ளி முன்னால் இருந்த பைடன், சனிக்கிழமை 29 புள்ளி முன்னால் நின்றார். இந்த 25 புள்ளியில் விவாத மேடைக்கும் கணிப்பின் பிழைக்கும் ஒரு பங்கு உண்டு, மீதியில் பெரும்பகுதி புதன்கிழமைக்குச் சேர வேண்டியது என்பது என் மதிப்பீடு.